அன்னாசி மறுக்கப்பட்ட வாரம்

குருதி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் அபாயா அங்கியின் கையை நான் இறக்கிவிடும்போது, ஆய்வுகூடப் பொறுப்பாளரான அக்கா குழாயை விளக்குக்கு நேரே உயர்த்திப் பார்த்தபடி கேட்டார்.

"தங்கச்சி, இதுக்குப் பேர் போடவா, நம்பர் போடவா?"

"கொள்கையில என்ன இருக்கோ அதைச் செய்யுங்க அக்கா."

"கொள்கைய எழுதின ஆள் நீங்கதானே? உங்களிட்ட கேக்காம வேற யாரிட்ட கேக்க?"

"எழுதினது நான்தான். இப்ப நான் நோயாளி."

"அப்ப நோயாளி வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போய் இரிங்க" என்று அவர் கதவைக் காட்டினார். கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பம் ஒன்றில் பிறந்த கத்தோலிக்கர் அவர். அலைக்கும் இயந்திரப் படகுக்கும் மேலாகப் பேசிப் பழகிய குரல். அதைத் தாழ்த்துவதற்கு அவர் படும் பாட்டை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் கண்டிருக்கிறேன். அன்று அவர் வியக்கத்தக்க அளவுக்கு மெல்லப் பேசினார். குழாயில் பெயர் இல்லை. எண் மட்டுமே இருந்தது. ஊழியர் எவரேனும் நோயாளியாக வந்தால் அவருடைய பதிவை மறைப்பில் வைக்க வேண்டும் என்றும், ஆய்வுகூடப் பொறுப்பாளரும் சிகிச்சை அளிக்கும் வைத்தியரும் தவிர வேறெவரும் அதைத் திறக்கலாகாது என்றும் விதி வகுத்தவள் நான். அவ்விதியின் நிழலில் நானே ஒருநாள் ஒதுங்க நேரும் என்று வகுத்தபோது எண்ணவில்லை.

புத்தளம் நகரில், கடனீரேரிக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு தனியார் வைத்தியசாலையில் தகவற் பாதுகாப்புக்கும் ஆளுகைக்கும் பொறுப்பான உத்தியோகத்தராக நான் பணிபுரிகிறேன். எந்தப் பதிவை யார் திறக்கலாம், எதை யார் அச்சிடலாம், கணினியை விட்டு எழும்போது திரையை ஏன் பூட்ட வேண்டும் என்பவற்றை விதிகளாக எழுதுவதும், எழுதியவற்றைக் கற்பிப்பதும், கற்பித்தவை நடக்கின்றனவா என்று வாரந்தோறும் பார்ப்பதும் என் கடமை. பல்கலைக்கழகத்தில் நான் பயின்றவை இலக்கணமும் பழைய உரைகளுமே. அறிக்கைகளைத் திருத்துவதற்காக வேலைக்கு வந்த என்னை, எங்கள் பணிப்பாளரான முதிய வைத்தியர் ஒருநாள் அழைத்துக் கொழும்பில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். "காற்புள்ளிக்கே காவல் நிக்கிற ஆள், இதுக்கும் நிப்பீங்க" என்பதே அவர் சொன்ன ஒரே காரணம்.

காவல் மிகவும் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நோயாளி வீடு சேருமுன் அவருடைய அறிக்கை வீடு சேர்ந்துவிடும். குருதியில் சீனி கூடிவிட்டது என்று காலையில் அறிந்தவர், மனத்தைத் தேற்றிக்கொள்ளத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தால், அவர் வாய் திறக்குமுன்பே சீனியில்லாத தேநீர் மேசைக்கு வந்துவிடும். அதைக் குறும்பென்று எவரும் கருதியதில்லை. அக்கறை என்றே கருதினர். அக்கறைக்கு எதிராக விதி எழுதுவதைப்போலக் கடினமான வேலை உலகில் வேறொன்று உண்டா என்பது எனக்குத் தெரியாது.

பயிற்சி வகுப்புகளில் நான் கேள்வி கேட்பேன். ஊழியர் ஒரே குரலில் விடை சொல்வர்.

"நோயாளியின்ட பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டா?"

"சொல்ல மாட்டோம் மிஸ்."

"கூடப் பிறந்த நானா வந்து கேட்டா?"

"சொல்ல மாட்டோம் மிஸ்."

"மாமியார் வந்து கேட்டா?"

அங்கே குரல் உடைந்துவிடும். சிலர் கூரையைப் பார்ப்பர். பெட்டி தூக்குவது முதல் மின்குமிழ் மாற்றுவது வரை எல்லா வேலைகளுக்கும் ஓடும் சிற்றூழியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே அழைப்போம். முதல் வகுப்பிலேயே அவர் எழுந்து, "மிஸ், நீங்க கலியாணம் முடிச்ச ஆள்தானே? மாமி கேட்டு நீங்க எப்பயாச்சும் சொல்லாம இரிந்திருக்கீங்களா?" என்றார். வகுப்பு அத்துடன் கலைந்தது.

நகைப்புக்கு இடமளிக்காத ஒரு காரணமும் அவ்விதிகளுக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. கணவர் மன்னாரில் காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியியலாளர். வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை திரும்புவார். விதிகள் எவையும் இல்லாத காலத்தில் ஒருமுறை, இதே ஆய்வுகூடத்தில், இதே சோதனைக்குக் குருதி கொடுத்திருந்தேன். அப்போது பதிவு மேசையில் வேலை செய்த கணவரின் உறவினர் ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு, மனம் பொறுக்காமல் மன்னாருக்குத் தொலைபேசியில் அழைத்து அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டார். நான் இன்னும் காத்திருப்போர் கதிரையில் இருந்தேன். கணவர் என்னை அழைத்து, "பரவாயில்ல, அழாதீங்க" என்றார். எதற்கு அழ வேண்டும் என்று நான் கேட்டேன். என் உடலின் செய்தி எனக்கு அவர் வழியாகவும், அவருக்கு ஊர் வழியாகவும் வந்து சேர்ந்த நாள் அது.

ஆகவே இம்முறை நான் இறைவனிடம் கேட்டதற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியை எவரும் ஊகிக்கலாம். இரண்டாவது, முடிவு எதுவாயினும் அதை அவர் என் வாயால், என் முகம் பார்த்து, எல்லோருக்கும் முதலில் கேட்க வேண்டும் என்பது. தொலைபேசியில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிலாபத்துக்குப் போய் என்னை அறியாத ஓர் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால், ஊரார் நம்பித் தங்கள் குருதியை ஒப்படைக்கும் ஒழுங்கை அதை அமைத்தவளே நம்பவில்லை என்றாகிவிடும். அது புதன்கிழமை. வெள்ளி மாலை வரை ஒரு செய்தியைக் காப்பதற்கு ஒரு வைத்தியசாலையால் முடியாதா என்ன!

பிற்பகலில் அக்கா என்னை அழைத்தார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். அவருடைய கன்னங்கள் இரண்டும் ஏதோ ஒன்றை உள்ளே அடைத்து வைத்திருப்பனபோல உப்பியிருந்தன.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்ல. டொக்டரைப் போய்ப் பாருங்க."

"முடிவு வந்திட்டா?"

"ஆய்வுகூடம் நோயாளிக்கு முடிவு சொல்லக் கூடாது. டொக்டர்தான் சொல்லணும். நீங்கதான் எழுதினீங்க." மேலே கையைக் காட்டினார். "மேல்மாடியில இரிக்கார். போங்க. இந்தா, நில்லுங்க. படியில வேணாம். லிப்ட்டில போங்க."

நான் அசையாமல் நின்றேன். இவ்வைத்தியசாலையில் சேர்ந்த நாள் முதல் படியில் ஏறுகிறவள் நான். அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் விதியை அணுவளவும் மீறவில்லை. என் குருதியைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆயினும் நான் தாயாகப்போகிறேன் என்பதை அக்கணத்தில் அறிந்துகொண்டேன்.

"மெதுவா" என்றார் அவர், கதவை எனக்காகத் திறந்து பிடித்தபடி. பிறகு எனக்கு முன்னால் ஓடி, மின்தூக்கியின் கதவு மூடாதவாறு ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

மேல்மாடியில் பணிப்பாளரே என் வைத்தியராகவும் இருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, திரையைப் பார்த்து, மீண்டும் துடைத்து, முறைப்படி அனைத்தையும் சொன்னார். நான் முறைப்படி வியந்தேன். வெளியே வந்தபோது நடைக்கூடத்துச் சாளரத்தின் வழியே கடனீரேரி முழுவதும் வெள்ளியாய்க் கிடந்தது. அதற்கு அப்பால் உப்பளங்களில் குவித்திருந்த உப்பு கண்ணைக் கூசச் செய்தது. சாளரக் கம்பியில் ஒரு காகம் இருந்தது. அதனிடம் சொல்லிவிடலாமா என்றொரு பேரவா எழுந்தது. அதற்கும் அணுகல் உரிமை இல்லை என்று எண்ணி அடக்கிக்கொண்டேன். அடக்கியது சிரிப்பாக வெளிவந்தது. வெற்று நடைக்கூடத்தில் தனியே நின்று சிரிக்கும் தகவற் பாதுகாப்பு உத்தியோகத்தரை ஒரு தாதி கண்டு, விலகிப் போனார்.

பழைய கோப்புகள் நிறைந்த ஒரு பெட்டியை அன்று மாலை பதிவறைக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. நான் குனிந்தேன். என் விரல் அட்டையைத் தொடுமுன் பெட்டி காற்றில் எழுந்தது. நானா அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"நான் கொண்டு போறேன் நானா."

"இல்ல மிஸ். எனக்கு அந்தப் பக்கம் வேலை இரிக்கு."

"எந்தப் பக்கம்?"

"நீங்க போற பக்கம்."

மறுநாள் வியாழக்கிழமை என் கதிரையில் ஒரு மெத்தை இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் காலையில் குடிக்கும் கடுங்கோப்பிக்குப் பதிலாகச் சிற்றுண்டிச் சாலையிலிருந்து பால் வந்தது. கோப்பித்தூள் முடிந்துவிட்டதாம். அதே தட்டில் பக்கத்து மேசைக்குக் கோப்பி வந்திருந்தது. என் தலைக்கு மேலே குளிர் காற்றைப் பொழிந்துகொண்டிருந்த இயந்திரத்தின் முகத்தை எவரோ சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டிருந்தனர்.

செய்தி கசிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. கசிவு ஏற்பட்டால் செய்ய வேண்டியவற்றையும் நானே வகுத்திருந்தேன்: முதலில் நுழைவுப் பதிவைப் பார்க்க வேண்டும். எந்தக் கணினியிலிருந்து, யார், எந்தப் பதிவைத் திறந்தார் என்பதை அது காட்டும். ஆனால் தன்னைப் பற்றிய பதிவைத் தானே தணிக்கை செய்யலாகாது என்பதும் என் விதியே. ஆகவே பணிப்பாளரிடம் சென்றேன். இம்முறையும் மின்தூக்கியில்தான், படிக்கட்டின் அடியில் நானா ஈரத்துணியோடு நின்று, தரை காயவில்லை என்றார். தரை காய்ந்திருந்தது.

பணிப்பாளர் என் பொருட்டு நுழைவுப் பதிவைத் திறந்து வாசித்தார். "அக்கா திறந்திரிக்கா. நான் திறந்திரிக்கேன். வேற ஒருத்தரும் கிட்டயே வரல்ல. உங்கட வேலை நல்ல வேலை."

"அப்ப எல்லாருக்கும் எப்படி டொக்டர் தெரியும்?"

"எல்லாருக்கும் என்ன தெரியும்?" என்று அவர் கேட்டார், உண்மையான வியப்போடு. வைத்தியசாலையில் ஒன்றும் அறியாத ஒரே மனிதர் எல்லாம் அறிந்த அவர்தான் என்று தோன்றியது.

அடுத்தது விசாரணை. அக்காவிடம் தொடங்கினேன். கையைத் தலைமேல் வைத்து மாதாவின் பேரில் ஆணையிட்டார். "வாயத் தொறக்கல்ல தங்கச்சி. வீட்டிலயும் சொல்லல்ல. ராவு மீன் கறி ஆக்கும்போது சிரிச்சேனாம், வீட்டுக்காரர் கேட்டார், ஏன் சிரிக்கிறாய் என்டு. அதுக்கும் சொல்லல்ல."

பிறகு நானாவை அழைத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நேத்து ஏன் என்ட பெட்டியத் தூக்கினீங்க?"

"நீங்க எப்பயும் படியில ஏறுற ஆள் மிஸ். நேத்து ஆய்வுகூடத்து அக்கா லிப்ட்டைக் கால வெச்சுப் பிடிச்சிட்டு நின்டா. டொக்டருக்கே அவ அப்படிப் பிடிக்க மாட்டா. நான் பெட்டியத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"யாரிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"என்னத்த மிஸ் சொல்ல? எனக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியும் நானா?"

"ஒண்ணும் தெரியாது" என்றார் அவர் உறுதியோடு. "தெரிஞ்சாலும் எனக்கு அந்த உரிமை இல்ல."

இப்படி ஒவ்வொருவராகக் கேட்டேன். நானா பெட்டி தூக்கியதைப் பதிவு மேசைப் பெண் கண்டாள்; மெத்தையைக் கொண்டுவந்தாள். மெத்தையைச் சிற்றுண்டிச் சாலைக்காரர் கண்டார், கோப்பியை நிறுத்தினார். கோப்பி நின்றதைக் கண்டவர் குளிர்காற்றைத் திருப்பினார். ஒருவரும் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பதிவுகளையும் கடவுச்சொற்களையும் கதவுகளையும் உதடுகளையும் நான் பூட்டியிருந்தேன். கைகளுக்குப் பூட்டு இல்லை. அவற்றை இனிப் பூட்டவும் வழியில்லை. 'என்னை வழமைபோல நடத்துங்கள்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அதுவே அறிவிப்பாகிவிடும்.

அப்படி ஒன்றுமில்லை என்று அவர்கள் எண்ணும்படி ஒரு பொய்த் தடயம் விதைக்கலாம் என்று துணிந்தேன். மதியம், எல்லோரும் காணும்படி நடுக்கூடத்துக்குப் போய், அச்சுத்தாள் கட்டு ஒன்றை வேண்டுமென்றே குனிந்து எடுத்தேன். கூடத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒரே சமயத்தில் கதிரைகள் பின்தள்ளப்பட்ட ஒலி எழுந்தது. அவ்வளவு பேர் அவ்வளவு விரைவாக எழுந்ததை எங்கள் தீயணைப்புப் பயிற்சியிலும் நான் கண்டதில்லை. எழுந்த பின்னரே தாங்கள் எழுந்ததற்குக் காரணம் சொல்ல இயலாது என்பது அவர்களுக்கு உறைத்தது. ஒருவர் சுவரில் இருந்த நாட்காட்டியைத் திருத்தினார். ஒருத்தி சாளரத்தை மூடித் திறந்தாள். நானா என் கையிலிருந்து கட்டை வாங்கி, அது எங்கே போக வேண்டும் என்று கேளாமலே கொண்டுபோய்விட்டார். நான் கழுவறைக்குள் சென்று முக்காட்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். வயிறு குலுங்கிற்று. உடனே வயிற்றைக் குறித்து அஞ்சி நிறுத்தினேன். அஞ்சியதை எண்ணி மீண்டும் சிரித்தேன்.

இனி ஒரே கேள்விதான். வைத்தியசாலை மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் என் பயிற்சி பெற்றவர்கள், சொல்லாமலாவது இருப்பார்கள். மதிலுக்கு வெளியே? எங்கள் வாயிலில் ஒரு பழக்கடை உண்டு. வெள்ளி மாலைகளில் என் கணவர் பேருந்திலிருந்து இறங்கி, எங்கள் வீடு இருக்கும் தில்லையடிக்கு வரும் வழியில் அங்கே அன்னாசி வாங்குவது வழமை. எனக்கு அது பிடிக்கும். வாயைக் கட்டாத கடைக்காரர் ஒருவர் போதும், என் இரண்டாவது வேண்டுதல் கைநழுவிவிடும். அவரைச் சோதித்துப் பார்க்க வேலை முடிந்ததும் நேரே அங்கே சென்றேன்.

"மாமா, ஒரு அன்னாசி தாங்க."

"அன்னாசி இல்ல மகள்."

அவருக்கும் எனக்கும் நடுவே அன்னாசிகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"இதெல்லாம் வித்த அன்னாசி."

"யாருக்கு வித்தீங்க?"

"வாற ஆக்களுக்கு."

"நானும் வந்த ஆள்தானே?"

"நீங்க தோடம்பழம் எடுங்க மகள். மிச்சம் நல்ல தோடம்பழம்." அவர் பையில் அந்த ஆரஞ்சுப் பழங்களைப் போட்டுக்கொண்டே, என்னைப் பாராமல், "பப்பாசியும் இல்ல. கேக்க முந்தியே சொல்லிட்டேன்" என்றார்.

நான் பையைப் பெற்றுக்கொள்ளாமல் நின்றேன். "மாமா, நாளைக்கு அவர் வருவார்."

"தெரியும். வெள்ளிக்கிழமைதானே." இப்போது என்னை நேராகப் பார்த்தார். "போன முறை யாரோ அவசரப்பட்டு ஃபோன் எடுத்த கதை இந்த ரோட்டில எல்லாருக்கும் தெரியும் மகள். மருமகன் வந்து வீட்டுக்குப் போகும்வரைக்கும் இந்தக் கடையில அன்னாசியும் இல்ல, கதையும் இல்ல."

நான் நன்றி சொல்ல இயலாது. நன்றி சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். தோடம்பழம் இனிக்குமா என்று மட்டும் கேட்டேன். இனிக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை வேலையிலிருந்து சற்று முன்னதாகவே வீடு வந்து, அவருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆயத்தம் செய்தேன். எழுவாயை முதலில் வைப்பதா, இறுதியில் வைப்பதா என்று கண்ணாடி முன் நின்று பலமுறை மாற்றினேன். மிகவும் அழகான ஒரு வாக்கியம் அமைந்தது. மாலைத் தொழுகையான மஃரிபுக்குச் சற்று முன் தெருமுனையில் முச்சக்கரவண்டியின் ஒலி கேட்டது. அவ்வொலி வந்துகொண்டே இருந்தது, வண்டி வரவில்லை. வைத்தியசாலை வாயிலில் நிற்கும் வண்டிக்காரர், பள்ளமென்றும் மேடென்றும் பாராமல் பறப்பதற்குப் பேர்போனவர், அன்று மாட்டுவண்டியும் முந்திச் செல்லும் வேகத்தில் எங்கள் சிறுதெருவான ஒழுங்கைக்குள் ஊர்ந்து வந்தார்.

கணவர் இறங்கினார். கையில் ஒரு பை, முகத்தில் இரத்தமில்லை. செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, என் முன் நின்று, என் இரண்டு தோள்களையும் பிடித்தார்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்? கொழும்புக்கா? சொல்லுங்க. மறைக்க வேணாம்."

"எதுக்கு?"

"உங்களுக்கு என்ன வருத்தம், என்ன நோய்? எனக்கு மட்டும் ஏன் சொல்லல்ல?"

"எனக்கு வருத்தமா? யார் சொன்னது?"

"யாருமே ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க! அதுதானே!" அவர் என் தோள்களை விட்டார். "பஸ்ஸால இறங்கினேன். வண்டிக்காரர் என்ட பேக்க வாங்கி நெஞ்சோட அணைச்சிட்டு, 'தைரியமா இருங்க தம்பி, நாங்க இரிக்கோம்' என்டார். எதுக்கு என்டு கேட்டேன். பேச்ச மாத்திட்டார். காசு குடுத்தேன், வாங்கல்ல. என்னிட்டக் காசு வாங்காத த்ரீவீல்காரர்! பழக்கடையில அன்னாசி கேட்டேன். அந்த மனுசன் என்ட கையப் பிடிச்சிட்டு, 'இனி அன்னாசி வேணாம் மருமகன், அல்லாஹ் எல்லாத்தையும் இலேசாக்கி வைப்பான்' என்டு சொல்லி இதைத் தந்தார்." பையைத் திறந்து காட்டினார். மாதுளம்பழங்கள். "மாதுளம்பழம்! வருத்தக்காரரப் பாக்கப் போகும்போது கொண்டு போற பழம்! உங்கட ஆஸ்பத்திரி வாசலில அந்த நானா நின்டார். என்னக் கண்டதும் முகத்தத் திருப்பிட்டு உள்ள ஓடிட்டார். நான் என்னத்த நினைக்கிற?"

நான் விடை சொல்ல வாய் திறந்தேன். வந்தது சிரிப்பு. மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது முழுவதும் அணை உடைத்து வந்தது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு நாற்காலியில் விழுந்து சிரித்தேன். கண்ணாடி முன் செதுக்கிய வாக்கியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் எனக்குச் சித்தமும் கலங்கிவிட்டது என்று அஞ்சி, தண்ணீர் எடுக்க ஓடி, வெற்றுக் குவளையோடு திரும்பி வந்தார்.

"சிரிக்காதீங்க" என்று மன்றாடினார். "அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

"வருத்தம் ஒண்ணுமில்ல" என்றேன் மூச்சு வாங்க. "உங்கள வாப்பா என்டு கூப்பிட ஒரு ஆள் வருது."

அவர் கையிலிருந்த குவளையைப் பார்த்தார். அதை மேசையில் வைத்தார். மீண்டும் எடுத்தார்.

"யார் சொன்னது?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான் சொல்றேன்."

"அப்ப எனக்குத்தானா முதல்ல?"

"உங்களுக்குத்தான் முதல்ல."

அவர் தரையில் அமர்ந்தார், செருப்போடு, குவளையோடு. என் மடியில் முகத்தைப் புதைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை. நான் இறைவனிடம் வேண்டியது இரண்டு, கிடைத்ததும் இரண்டு. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. அது முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். முடிந்ததும் அவர் துள்ளி எழுந்து வாயிலுக்கு ஓடினார்.

"எங்க போறீங்க?"

"யாருக்காச்சும் சொல்லணுமே!"

நானும் பின்னால் சென்றேன். முச்சக்கரவண்டி போகவில்லை. வண்டிக்காரர் அதன் முன் சக்கரத்தைக் கூர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியாக நானா, தன் சைக்கிளைப் பிடித்தபடி, அதே சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வீடு வேறு திசையில். கணவர் மூச்சிரைக்க அவர்களிடம் செய்தியைச் சொன்னார்.

"என்ன!" என்று வண்டிக்காரர் நெஞ்சில் கை வைத்துப் பின்னால் சாய்ந்தார். "உண்மையாவா தம்பி! நாங்க நினைக்கவே இல்லையே!" அதனினும் மோசமான நடிப்பை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. கணவரோ அதை முழுவதும் நம்பி, அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

நானா நடிக்கவில்லை. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு என் அருகே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பயிற்சி வகுப்பில் ஐயம் கேட்பவர்போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மிஸ், அப்ப இனி எங்களுக்குத் தெரியுமா?"

"ஓம் நானா" என்றேன். "இனி உங்களுக்குத் தெரியும்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

அவர் ஒருமுறை தலையசைத்தார். அடுத்த கணம், வண்டிக்குள் கையை நீட்டி, அதன் ஒலிப்பானை ஒழுங்கை முழுவதும் அதிரும்படி அழுத்தி, அழுத்திய கையை எடுக்காமலே நின்றார்.